நம் இதழ் அச்சிலேயே தொடர்கிறது: ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

நம் திருமண்டல இதழ் அச்சிலேயே தொடரும் என்று முடிவாகிவிட்டது. அச்சை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு எழுந்த கடந்த மாதங்களில் நாம் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி விரித்து எழுத எனக்கு மனமில்லை. கமிட்டிக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. ஒருவர் நடைபாதையிலேயே தலைகுனிந்து ஜெபித்தார், மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டோம். அந்த மனநிலை கலைவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கெடு முடியும் முன்பே சந்தாவைப் புதுப்பித்தவர்கள், ஆராதனை அறிவிப்பு வேளையில் எங்களுக்காகப் பேசிய குருவானவர்கள், கடிதம் எழுதிய ஓய்வுபெற்ற ஆயர்கள், இதழை மடித்து முகவரி ஒட்டிய வாலிபர்கள், வெளியூரில் இருந்துகொண்டு பெற்றோருக்காகச் சந்தா கட்டிய பிள்ளைகள், தாய்மார் சங்கத்தார், பாக்கிக்காகப் பொறுத்துக்கொண்ட அச்சகத்தார், எல்லாருக்கும் எங்கள் நன்றி. கமிட்டியில் அச்சு வேண்டாம் என்று வாக்களித்துவிட்டு, முடிவு வந்த பிறகு முதல் ஆளாகச் சந்தா கட்டிய இரண்டு பேரையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன காரணங்கள் நியாயமானவை. அவற்றை நாங்கள் மறந்துவிடவில்லை.

ஆனால் இந்த மடலில் அதிக இடத்தை ஒரு டீச்சருக்குக் கொடுக்கப் போகிறேன். ஓய்வுநாள் பாடசாலையில் நெடுங்காலம் கற்பித்தவர். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன்.

எல்லாரும் எங்களுக்கு ஆதரவாக என்னென்னவோ செய்துகொண்டிருந்த நேரத்தில் அவர் கேட்டது ஒன்றுதான். "என் சேகரத்து முகவரிப் பட்டியலைக் கொடுங்கள்." எதற்கு என்று அவர் சொல்லவுமில்லை, எங்களுக்குக் கேட்கத் தோன்றவுமில்லை. கொடுத்தோம். சில வாரம் கழித்து ஒரு கோடு போட்ட நோட்டு வந்தது. பட்டியலில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போயிருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓரிரு வரி எழுதியிருக்கிறார். சிலவற்றை அவர் எழுதியபடியே தருகிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி.

"பார்வை போய்விட்டது. பேத்தி வாசித்துக் காட்டுகிறாள். மரண அறிவிப்பை முதலில் வாசிக்கச் சொல்கிறார்."

"ஐயா கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். இதழ் அவர் பெயரிலேயே வரட்டும் என்று அம்மா கேட்கிறார்."

"வாசித்ததும் ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டு வருகிறார். அங்கே யார் எடுக்கிறார்கள் என்று தெரியாது. அடுத்த முறை போகும்போது அது அங்கே இருப்பதில்லை."

"ஜெபக் குறிப்புப் பக்கத்தை வெட்டி வேதாகமத்துக்குள் வைக்கிறார். பழையவையும் உள்ளேயே இருக்கின்றன. வேதாகமம் மூட மாட்டேன் என்கிறது."

"மாடி வீடு. வாசலில் போட்டால் நனைகிறது. கீழ்வீட்டில் கொடுக்கலாம். அவர்கள் நம் சபை இல்லை, ஆனால் வாசிக்கிறார்கள்."

"இவருக்கு மின்னஞ்சல் போதும். தாளை நிறுத்திவிடலாம்."

"ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். காரணம் சொல்லவில்லை. இதழை நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம், வரட்டும் என்றார்."

கடைசி வரியை வாசித்துவிட்டு நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன். நாங்கள் அதுவரை தாள் விலை, தபால் செலவு, பிரதி எண்ணிக்கை என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். பேசத்தான் வேண்டும், அந்தக் கணக்கு பொய் சொல்லாது. ஆனால் ஆலயப் படி ஏறாத ஒருவர் வீட்டுக்குள் நம் சபை மாதம் ஒரு முறை போய்வருகிறது என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? குருவானவர் போனால் அவர் கதவைத் திறப்பாரோ என்னவோ. இதழுக்குத் திறக்கிறார்.

நோட்டின் சில பக்கங்களைக் கமிட்டியில் வாசித்தோம். அதனால்தான் முடிவு மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் காணிக்கையும் சந்தாவும் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் "பிரதிகள்" என்று சொல்லவில்லை, "வீடுகள்" என்றே பேசினார்கள்.

டீச்சர் தந்த நோட்டு என்னைப் பழைய வரலாற்றுப் பக்கமும் இழுத்துக்கொண்டு போனது. நாமும் அடங்கிய உலகத் திருச்சபைக் குடும்பமான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இன்று 42 மாகாணத் திருச்சபைகள், 165க்கும் மேற்பட்ட நாடுகளில். எல்லாரையும் கட்டளையிட்டு நடத்தும் ஒரே தலைமை நமக்குக் கிடையாது. கேன்டர்பரி பேராயர்கூடச் சமமானவர்களுள் முதல்வர்தான், இன்னொரு மாகாணத்தின் காரியத்தில் அவர் உத்தரவு போட முடியாது. அப்படியானால் நம்மை ஒன்றாக வைத்திருப்பது எது? ஜெபமும், ஒரே வழிபாட்டு மரபும், ஒருவர் செய்தியை ஒருவர் அறிந்திருப்பதும்தான். இந்த மூன்றாவது வேலையைப் பெரும்பாலும் பத்திரிகைகளே செய்து வந்திருக்கின்றன.

லண்டனில் சுவிசேஷப் பிரிவினரின் 'ரெக்கார்ட்' 1828-ல் தொடங்கியது. பழைய வழிபாட்டுச் சடங்குகளைப் போற்றும் உயர்சபை மரபினருக்கு 1846-ல் 'கார்டியன்' வந்தது. இன்றைய நாளிதழ் வேறு, இது திருச்சபை வார இதழ். 1863-ல் ஜார்ஜ் ஜோசையா பாமர் என்ற அச்சகத்தார் 'சர்ச் டைம்ஸ்' இதழைத் தொடங்கினார். அது 1989 வரை அவர் குடும்பத்தின் கையிலேயே இருந்தது. அயர்லாந்தில் 1856-ல் ஓர் இதழ். கனடாவில் 1875-ல் 'டொமினியன் சர்ச்மேன்', அதன் வழிவந்ததுதான் 'ஆங்கிலிக்கன் ஜர்னல்'. அங்கே பல திருமண்டலங்கள் தங்கள் சிறு இதழைத் தேசிய இதழோடு சேர்த்தே வீடுகளுக்கு அனுப்பிவந்தன. தனியாக அனுப்ப வசதியில்லாத திருமண்டலத்தின் குரலும் அப்படி வீடு சேர்ந்தது. எவ்வளவு அன்பான ஏற்பாடு! அதோடு ஒரு துக்கமும் இருக்கிறது: நூறாண்டு கண்ட 'கார்டியன்' 1951-ல் நின்றுபோனது. நிற்கவே நிற்காது என்று எந்த இதழைப் பற்றியும் சொல்ல முடியாது.

தமிழில் வாசிக்கும் நமக்கு அச்சோடு இன்னும் பழைய உறவு. 1698-ல் தோன்றிய கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் என்ற ஆங்கிலிக்கன் சங்கம்தான் தரங்கம்பாடி மிஷனெரிகளுக்கு ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பிவைத்தது. அவர்கள் லுத்தரன் சபையார். அனுப்பியவர்கள் அதைப் பார்க்கவில்லை, தமிழ் மக்கள் கையில் வாசிக்க ஏதாவது இருக்க வேண்டும் என்பதையே பார்த்தார்கள்.

இன்னொன்று, நம் சபை ஆளுகையைப் பற்றியது. சினாடு என்ற நம் ஆளுகை மன்றங்களில் பேராயர்கள், குருமார், சபையார் என்று மூன்று தரப்பாரும் வாக்களிக்கிறார்கள். 1992 நவம்பர் 11 அன்று இங்கிலாந்து திருச்சபையின் சினாடு பெண்களைக் குருத்துவத்துக்கு அபிஷேகம்பண்ணுவது பற்றி வாக்கெடுத்தது. ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சபையாரின் அவையில் 169 பேர் ஆதரவு, 82 பேர் எதிர்ப்பு. ஆதரித்தவர்களில் இரண்டு பேர் எதிர்த்து வாக்களித்திருந்தால் தீர்மானம் விழுந்திருக்கும். பட்டம் பெறாத சாதாரண விசுவாசியின் வாக்குக்கு நம் மரபில் இவ்வளவு கனம். அந்த விசுவாசிக்கு விவரம் எங்கிருந்து வரும்? பேராயரின் சுற்றறிக்கையிலிருந்து மட்டும் வந்தால் போதாது. இரு பக்கத்து வாதத்தையும் அவர் தன் வீட்டில் நிதானமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும், பிடிக்காததற்கு அடியில் கோடு போட வேண்டும், அடுத்த மாதம் பதில் எழுத வேண்டும். வாசகர் கடிதப் பக்கம் இல்லாத சபை இதழ் வெறும் புகைப்பட ஆல்பம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

கைப்பேசியில் செய்தி சீக்கிரம் வருகிறது, வரட்டும். அவசர ஜெப விண்ணப்பத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அதில் வருவது அடுத்த செய்தி வந்ததும் மேலே நகர்ந்து மறைகிறது. அச்சில் வந்த குருப்பட்ட அறிவிப்பு, திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகளின் பட்டியல், ஓர் உபதேசியாரின் மரணக் குறிப்பு இவையெல்லாம் அலமாரியில் கிடக்கின்றன. தாத்தா எந்த ஆண்டு எந்தச் சபைக்கு ஊழியத்துக்கு அனுப்பப்பட்டார் என்று தேடி வருகிறவருக்கு நாங்கள் எடுத்துக் கொடுப்பது கட்டுப்போட்ட பழைய இதழ்களைத்தான். பெரிய ஆட்கள் பெயர் எங்கேயும் கிடைத்துவிடும். உபதேசியார் பெயர் சபை இதழில்தான் கிடைக்கும்.

நன்றி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அதனால் இதழ்க் குழு சார்பில் சில வாக்குகளைத் தருகிறோம். அடுத்த இதழிலிருந்து ஜெபக் குறிப்பும் மரண அறிவிப்பும் பெரிய எழுத்தில் வரும். பேத்திகள் வீட்டில் இல்லாத நாளிலும் சிலராவது தாங்களே வாசிக்கட்டும். எங்களைக் குறைசொல்லும் கடிதங்களும் திருமண்டல அலுவலகத்தைக் குறைசொல்லும் கடிதங்களும், பெயரோடும் மரியாதையோடும் எழுதப்பட்டிருந்தால் அச்சேறும். தாள் வேண்டாம் என்பவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புவோம், அதில் மிஞ்சுகிற பிரதிகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். ஐயாவின் பெயரிலேயே இதழ் வேண்டும் என்ற அம்மாவுக்கு அப்படியே வரும். ஆராதனைக்கு வராத அந்தச் சகோதரருக்கும் வரும், அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம்.

டீச்சர் செய்ததை ஒவ்வொரு சேகரத்திலும் செய்ய ஆட்கள் வேண்டும். இருவர் இருவராகப் போவது நல்லது. போனவுடன் சந்தாவைப் பற்றிப் பேச வேண்டாம், அவர் பேசவில்லை. இதழ் ஒழுங்காக வருகிறதா, யார் வாசிக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். சொல்வதை, அவர்கள் அனுமதித்தால், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சேகரத்துப் பட்டியலை உங்கள் குருவானவரிடம் கொடுத்திருக்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அன்பும் நன்றியும் கூடிய ஸ்தோத்திரங்களுடன்,
இதழ்க் குழுவுக்காக