எரிவாயுக் குழாய்ப் பாதையில் மனை, போர்வெல், மண் வேலை: கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். குழாய் போகும் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். கம்பெனி எடுப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். அதனால் பட்டாவைப் பார்த்து மட்டும் மனை வாங்காதீர்கள். சர்வே எண்ணைச் சொல்லி விஏஓவிடமும் குழாய் கம்பெனியிடமும் கேளுங்கள்.

1962-ஆம் ஆண்டு பெட்ரோலியம், கனிமக் குழாய்ப் பாதைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, கம்பெனி உரிமை எடுத்த அந்த நிலப் பட்டைக்குள் கட்டடம், கிணறு, குளம், மரம் கூடாது. நெல், உளுந்து போடலாம். தென்னங்கன்று வேண்டாம், வேர் குழாயின் மேல்பூச்சைக் கெடுக்கும்.

அடையாளக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே குழாய் நேராகத்தான் போகும் என்று நம்பி ஜேசிபியை இறக்காதீர்கள், வளைந்தும் போகலாம். முதலில் கல்லில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள். அவர்கள் ஆள் வந்து குறித்த பிறகே தோண்டவும். வண்டிப் பல் லேசாக உரசினாலும் சொல்லிவிடுங்கள். பலர் பயந்து மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள், அதுதான் மோசம்: பூச்சு போன இடத்தில் துரு பிடித்து, சில வருடம் கழித்து வெடிக்கலாம்.

பெரிய குழாய் வாயுவில் சமையல் கேஸ் வாசனை இல்லாமலும் இருக்கலாம். சீறல் சத்தம், தேங்கிய நீரில் குமிழி, திட்டாகக் கருகிய பயிர் தெரிந்தால் மோட்டார், பைக் எதையும் ஸ்டார்ட் செய்யாமல் காற்றுக்கு எதிர்த்திசையில் நடந்து விலகுங்கள். தூரம் போனபின் அவசர எண் 112-க்குப் பேசுங்கள்.