திங்கட்கிழமை மனு யார் மேசைக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என எந்தக் கலெக்டர் அலுவலகத்துக்குத் குறைதீர் நாளான திங்கட்கிழமை காலையில் போனாலும் ஒரே காட்சிதான். மனு எழுதித் தருகிறவரைச் சுற்றி ஒரு கூட்டம், பதிவு செய்ய ஒரு வரிசை. கலெக்டர் கையில் கொடுத்தாயிற்று என்றதும் பாதி வேலை முடிந்த மாதிரி பஸ் ஏறிவிடுகிறோம். ஆனால் பட்டா மனு என்றால் அது தாசில்தாருக்கும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கும் இறங்கும். சில வாரம் கழித்து, மணியகாரர் என்று நாம் இன்னும் சொல்லும் அந்த அலுவலர் மேசைக்கே வந்து சேரும். அவர் மேலேயே புகார் என்றாலும் முதல் அறிக்கையை அவரிடமே கேட்பது இந்த முறையின் பெருங்குறை. அதைச் சரிசெய்ய வேண்டியது நிர்வாகம். எந்த வேலை யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி அலைச்சலை நாமே குறைக்கலாம்.

மணியகாரர், கணக்குப்பிள்ளை பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. பெயர் மட்டும் நம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது, அதோடு பழைய அதிகாரமும் தொடர்கிறது என்ற எண்ணமும்! இன்றைய கிராம நிர்வாக அலுவலர் கணக்குகளை எழுதுவார், இடத்தைப் பார்த்து அறிக்கை தருவார், நிலவரி வசூலிப்பார், ஊராட்சிப் பகுதியில் பிறப்பு, இறப்பைப் பதிவார். பட்டாவை மாற்றி உத்தரவு போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

பட்டா மாற்றத்தில் இரண்டு வகை. ஒரு சர்வே எண்ணை முழுசாக வாங்கி, எழுதிக்கொடுத்தவர் பெயரிலேயே பட்டாவும் இருந்தால், பத்திரம் பதிவானதும் பெயர் தானாக மாறும் வசதி இப்போது இருக்கிறது. அது நின்றுபோகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: விற்றவர் மகன், பட்டாவோ இன்னும் தாத்தா பெயரில். தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் என்று சங்கிலி அறுபடாமல் காட்டினால்தான் கோப்பு நகரும். இதைச் சார்பதிவாளர் சரிசெய்ய மாட்டார். அவர் வேறு துறை, பத்திரத்தைப் பதிவதோடு அவர் வேலை முடிந்தது.

ஒரு எண்ணில் பாதியை மட்டும் வாங்கினால், அந்த எண்ணைப் பிரிக்கும் உட்பிரிவு தேவை. பல கிராமங்கள் சேர்ந்த குறுவட்டத்தின் அளவர் வந்து அளந்து, கல் காட்டி, வரைபடம் தயாரித்த பிறகுதான் தாசில்தார் உத்தரவு. பத்திரத்தில் 1 ஏக்கர் என்றிருக்கும், செக்குபந்திக்குள், அதாவது நான்கு எல்லைக்குள், அளந்தால் 96 சென்ட்தான் வரும். மீதி 4 சென்ட்டை அளவர் எங்கிருந்து கொண்டுவருவார்? நிலத்தின் பரப்பும் உரிமையாளர் பெயரும் உள்ள சிட்டாவைப் படிப்பதிலும் தடுமாற்றம் உண்டு. அதில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0-40.50 என்று இருப்பதை 40 சென்ட் என்று படித்துவிட்டு நிலம் பறிபோனதாகப் பதறி வருகிறவர்கள் உண்டு. 1 ஏர் என்பது 2.47 சென்ட், ஆகவே அது ஏறத்தாழ 1 ஏக்கர்.

தாசில்தார் தள்ளுபடி செய்தால் அதே மனுவை இ-சேவை மையத்தில் மறுபடி மறுபடி போடுகிறோம். அது வீண். தள்ளுபடிக்கான காரணத்தை எழுத்தில் வாங்கி, தாசில்தாருக்கு மேலதிகாரியான கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அங்கும் ஒத்துவராவிட்டால் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டம் சொல்லும் வழி இதுதான். ‘ஆவணம் போதவில்லை’ என்று ஒற்றை வரியில் தள்ளிவிடும் அலுவலர், எந்த ஆவணம் என்று எழுதவில்லையென்றால் தவறு அவருடையதே. இடம் யாருடையது என்பதிலேயே தகராறு என்றால் இவர்கள் எவரும் தீர்க்க முடியாது, சிவில் கோர்ட்தான்.

அடுத்தது நம் நாட்டுப்புறத்தின் தீராத வழக்கு, இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போன தடம். ஒருவர் வேலியை நகர்த்திக் கட்டியதும் பத்துக் குடும்பம் கலெக்டரிடம் போகிறது. போவதற்கு முன் நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும், எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் பார்க்க வேண்டும். தடத்துக்குத் தனி சர்வே எண் இருந்து, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால், தாசில்தார் அளக்கச் சொல்லி, 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, 6ஆம் பிரிவில் அகற்றலாம். நோட்டீஸ் இல்லாமல் பொக்லைனோடு போனால் மறுநாளே தடையாணை வரும். ஊராட்சி பராமரிக்கும் சாலை என்றால் ஒன்றிய அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே வட்டார வளர்ச்சி அலுவலர் இருவர். பலகையில் ‘கி.ஊ.’ என்று போட்டிருப்பவர்தான் கிராம ஊராட்சிகளுக்கானவர். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வீட்டுவரி எல்லாமே அந்தப் பக்கம்தான், தாசில்தாருக்கு அதில் வேலையில்லை.

மூன்று தலைமுறையாக நடந்த தடம், ஆனால் ஆவணப்படி ஒருவரின் பட்டாக் காட்டுக்குள் போகிறது என்றால் தாசில்தாரைத் திட்டிப் பயனில்லை. வழியுரிமை கேட்டு வழக்குப் போட வேண்டும். அதற்குள் கைகலப்பாகிவிடும் என்ற நிலை இருந்தால், நிலத்தையோ தண்ணீரையோ பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறில் நிர்வாக நடுவர் தலையிடச் சட்டம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 147ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 166. கோர்ட் தீர்ப்பு வரும்வரை அமைதி காக்கத்தான் அந்த உத்தரவு, உரிமைக்குச் சான்று ஆகாது. கீழ்பவானி வாய்க்காலிலோ பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலிலோ மோட்டார் வைத்துத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்ற புகார் நீர்வளத்துறை உதவிப் பொறியாளருக்கு.

கோடையில் சூறைக்காற்று அடித்து கோபி, சத்தி பக்கம் வாழை சாயும்போது இன்னொரு குழப்பம். வாழை தோட்டக்கலைத் துறை சார்ந்தது, வேளாண் துறை அல்ல. வருவாய்த் துறையும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து கணக்கெடுக்கும், 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால்தான் நிவாரணம். கணக்கெடுக்கும்வரை சாய்ந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தக் கூடாது. அதைவிட முக்கியம், கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலில் அந்தப் பசலிக்கு (வருவாய்த் துறை ஆண்டுக்கு) வாழை என்று ஏறியிருக்க வேண்டும். போன வருஷத்து மஞ்சளோ, ‘தரிசு’ என்றோ இருந்தால் கண்முன்னே மரம் கிடந்தாலும் கோப்பு திரும்பிவிடும். நட்ட உடனே அடங்கலில் பயிர் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.

சான்றிதழ்களில் சாதிச் சான்று, வாரிசுச் சான்று தாலுகா அலுவலகத்தில். பழங்குடியினருக்கான சாதிச் சான்றை மட்டும் கோட்டாட்சியர் தருகிறார். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும்.

அப்படியானால் கலெக்டரிடம் எதற்குத்தான் போவது? கீழே இருப்பவர் காலம் கடத்தினாலோ, லஞ்சம் கேட்டாலோ, இரண்டு துறை ஒன்றையொன்று கைகாட்டினாலோ போகலாம். ஊராட்சிகளின் ஆய்வாளரும் அவரே என்பதால் ஊராட்சி நிதி முறைகேட்டையும் அவரிடம் கொண்டுபோகலாம். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை மட்டும் இருக்கட்டும். முதல் வரியிலேயே கிராமம், குறுவட்டம், வட்டம், சர்வே எண், உட்பிரிவு எண். அதன்பின் ஏற்கெனவே யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்பது. நான்கு பக்கம் குடும்ப வரலாறு எழுதினால் படிப்பவர் கண்ணில் சர்வே எண் படாது. மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள்.

கிராமக் கணக்கிலுள்ள பிழைக்குத் திங்கட்கிழமையைவிட, ஆண்டுக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி நல்ல இடம். ஜூலை 1இல் புதுப் பசலி தொடங்கும் முன், பெரும்பாலும் மே, ஜூனில், தாலுகா அலுவலகத்தில் குறுவட்ட வாரியாக நடக்கும். அன்று மணியகாரர் கணக்குப் புத்தகங்களோடு வந்திருப்பார், அவற்றைத் தணிக்கை செய்யும் மேலதிகாரியும் அதே அறையில் இருப்பார். பிழை உள்ள பக்கத்தை இருவர் முன்னாலும் திறந்து காட்டலாம். எந்த ஊருக்கு எந்த நாள் என்ற அட்டவணையைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் முன்கூட்டியே வெளியிட்டு உதவக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த் துறை அலுவலர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம்.