பினாங்கில் அறை தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலேசியாவில் இருக்கும் பினாங்கு போகப் போகிறாய் என்று கேட்டதும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பெரிய ஹோட்டலா, பழைய நகரமான ஜார்ஜ் டவுனுக்குள் சின்ன கெஸ்ட் ஹவுஸா என்று கேட்டிருந்தாய். ஊர் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே தங்குங்கள். அத்தையோடு போனபோது நாங்களும் அப்படித்தான் தங்கினோம்.

அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியவை அந்த வீடுகள்தான். கீழே கடை, மேலே குடியிருப்பு என்று கட்டிய பழைய கடைவீடுகள். தெருவிலிருந்து பார்த்தால் முகப்பு குறுகலாகத் தெரியும். உள்ளே போனால் வீடு நீண்டுகொண்டே போகும். நடுவில் கூரை திறந்த முற்றம். காற்று, வெளிச்சம், மழை எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். நாங்கள் இருந்த வீட்டில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டு விளிம்பிலிருந்து நாலு பக்கமும் தண்ணீர் கொட்டி, கல் தளத்தில் தெறித்து, மூலையிலிருந்த துவாரத்தில் சளசளவென்று இறங்கியது. வீட்டுக்காரச் சீனப் பாட்டி பதறவே இல்லை. எங்கள் செருப்புகளை மட்டும் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மழை விடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். "காரைக்குடியில எங்க பெரியப்பா வீட்டு முற்றம் மாதிரியே இருக்குடி" என்றார். அதற்குமுன் விமானத்திலும் டாக்ஸியிலும் வாயே திறக்காமல் வந்தவர் அவர்.

இடம் தேடும்போது, வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா என்று பார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஊரில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 2000இல் அது நீங்கியதும் வாடகை எகிறி, தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல கிளம்ப வேண்டியதாயிற்று. 2008இல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. அப்புறம் ஒவ்வொரு வீடாக ஹோட்டல், கஃபே என்று மாறத் தொடங்கின. சுவருக்குப் பெயின்ட் அடித்து அழகாக வைத்திருக்கிறார்கள், குடியிருந்தவர்களைத்தான் காணோம். எனக்கு இது மனசைப் பிசைகிற விஷயம். நாம் கொடுக்கும் காசு அந்த வீட்டிலேயே வாழ்கிறவர்கள் கைக்குப் போகட்டும். உனக்கும் அதில் லாபம் இருக்கிறது: பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டிக் கேட்க ஓர் ஆள் இருப்பார்.

இப்போது அம்மாவின் முட்டி. பழைய வீட்டு மரப்படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் கிடையாது. கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா, குளியலறை அறையோடு சேர்ந்ததா என்று பணம் கட்டுமுன்பே செய்தி அனுப்பிக் கேட்டுவிடு. சில அறைகளுக்கு ஜன்னலே இருக்காது, இருந்தாலும் முற்றத்தைப் பார்த்துத்தான் திறக்கும். அதையும் கேள். பதில் எப்படி வருகிறது என்பதை வைத்தே பாதி முடிவு செய்துவிடலாம். மாடியில் யார் நடந்தாலும் மரத்தளம் கிறீச்சிடும், நம் பிள்ளைகள் ஓடினால் கீழே இருப்பவருக்கும் கேட்கும், சொல்லி வை. லவ் லேன், சூலியா தெரு பக்கம் ராத்திரி பார்களில் பாட்டுக் கச்சேரி நடக்கும். நடந்துபோய்ப் பார்க்க நல்ல தெருக்கள்தான், குழந்தைகளோடு தூங்குவதற்கு ஒரு சந்து தள்ளிப் பார். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஓர் அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. பெரும்பாலும் அங்கே போனதும் தனியாகக் கேட்பார்கள், கையில் சில்லறை வைத்துக்கொள்.

விடியற்காலையில் அம்மா எப்படியும் எழுந்துவிடுவார். பிள்ளைகளைத் தூங்கவிட்டு அவரை மட்டும் அழைத்துக்கொண்டு வெளியே போ. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் எழுந்தது. கட்டியவர் காதர் மொஹிதீன், அங்கே வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களின் தலைவர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மகாமாரியம்மன் கோயில், 1833இலிருந்து இருக்கிறது. இன்னும் நாலு எட்டு வைத்தால், சீனர்கள் கும்பிடும் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில் வாசலில் ஆள் உயரத்துக்கு ஊதுவத்தி எரிந்துகொண்டிருக்கும். கண் எரியும், அம்மாவைப் புகைக்கு எதிர்ப்பக்கமாக நிற்க வை. கடற்கரை ஹோட்டலில் தங்கினால் இந்தக் காலை நேரம் பஸ்ஸிலேயே கழிந்துவிடும். குயின் தெருவில் இட்லி கிடைக்கும், அதனால் அம்மாவின் சாப்பாட்டுக் கவலையை விடு. நீ மட்டும் ஒரு வேளை நாசி கந்தார் சாப்பிடாமல் வராதே. ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டின் இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற சாப்பாடு அது. நாலைந்து குழம்பை ஒன்றாகச் சோற்றில் ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கு.

நடந்து களைத்தால் பழைய நகரத்துக்குள் சுற்றும் இலவச பஸ் இருக்கிறது. சியூ ஜெட்டியில் கடல்மேல் தூண் நட்டு வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்க விடாதே, அவர்கள் அங்கே வாழ்கிறவர்கள்.

2023 டிசம்பரிலிருந்து நம் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள்வரை விசா வேண்டாம் என்றாக்கியிருக்கிறார்கள். கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள். ஆனால் இணையத்தில் வருகைப் படிவம் ஒன்று உண்டு. போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆளுக்கொன்றாக, குழந்தைகளுக்கும் சேர்த்து நிரப்ப வேண்டும். தங்கும் இடத்தின் முகவரியை அதில் கேட்பார்கள், ஆகவே கெஸ்ட் ஹவுஸை முதலில் முடித்துவிடு. கீழ்த்தள அறை கிடைத்ததா என்று எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா