சிலந்திப் பட்டுக்குத் தனிப் பெயர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிலந்தி இழையின் புரதத்தை வேறு உயிர்களைக் கொண்டு உருவாக்கி நூலாக்கும் செயற்கைச் சிலந்திப் பட்டு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நான் ஆரணியில் பட்டுத் தறி ஓடிய வீட்டில் பிறந்தவள். மணமாகி வேலூருக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மரபணுவைப் பற்றி விரிவாக எழுதிய கட்டுரையாளர், அந்த இழை கடைக்கு வரும்போது எந்தப் பெயரில் வரும் என்று கேட்கவே இல்லை. எங்களைப் போன்ற வீடுகளுக்கு அதுதான் முதல் கேள்வி.

என் மகளின் வளைகாப்புக்காக ஒரு கடையில் பட்டு என்று சொல்லி விற்ற சேலையை வாங்கி வந்தேன். அப்பா அதைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி விளக்குச் சுடரில் காட்டினார். காகிதம் போலச் சட்டென்று பற்றி எரிந்தது. பட்டாக இருந்தால் சுருண்டு பொசுங்கும், தலைமுடி கருகிய வாடை வரும், மிஞ்சிய கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். ‘மரக்கூழ் நூலம்மா இது’ என்றார். ரேயானைத்தான் அப்படிச் சொன்னார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சிலந்திப் பட்டு வந்துவிட்டால் அப்பாவின் விளக்குக்கும் அது பிடிபடாது. பட்டுப்புழுவின் இழையும் புரதம், சிலந்தியின் இழையும் புரதம். இரண்டும் பொசுங்கும், இரண்டிலும் முடி கருகிய வாடைதான் வரும். போதாக்குறைக்கு, ‘செயற்கைப் பட்டு’ என்ற பெயரை ரேயான் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

இது எங்கோ தொலைவில் உள்ள கவலை என்று நினைக்க வேண்டாம். கட்டுரையில் வந்த, சிலந்தியின் மரபணுவைப் புகுத்திய கனடா ஆடுகளின் கதை பழையது. அவற்றின் பாலில் சிலந்திப் புரதம் கிடைத்தது. அதைப் பயன்படும் நூலாக்கி விற்பதற்குள் அதைச் செய்த நெக்சியா நிறுவனமே நொடித்துப் போனது. கஷ்டம் முழுவதும் நூற்பதில்தான் இருக்கிறது. சிலந்தியின் வயிற்றில் பட்டு திரவமாக இருக்கிறது. குறுகிக்கொண்டே போகும் குழாயில் அது நகர நகர அமிலத்தன்மை கூடுகிறது, நீர் வெளியேறுகிறது, இழுவிசை ஏறுகிறது. வெளியே வரும்போது திட இழையாகிவிடுகிறது. சூடு இல்லை, கடும் ரசாயனம் இல்லை. இதைப் படித்தபோது, இழையின் இழுவையை விரல் நுனியால் அறிந்துவைத்திருந்த என் பாட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஜப்பானின் ஸ்பைபர் நிறுவனம் நுண்ணுயிரை நொதிக்க வைத்துப் புரதம் எடுக்கிறது. அவர்களுக்கு வேறொரு சிக்கல் வந்தது. சிலந்தி இழை நனைந்தால் சுருங்கும். அதன் நீளத்தில் பாதி வரைகூடக் குறையலாம். எங்கள் வீட்டில் பட்டு நூலைக் கொதிநீரில் போட்டுத்தான் பசை நீக்குவார்கள், சுடுநீரில்தான் சாயம் ஏற்றுவார்கள். அப்படிச் சுருங்கும் நூலைத் தறியில் பாவாக (நீளவாட்டு நூலாக) ஏற்றினால் என்ன ஆகும் என்று எந்த நெசவாளியும் சொல்லிவிடுவார். ஸ்பைபர் புரதத்தின் அமைப்பையே மாற்றிய பிறகு, 2019-ல்தான் அவர்களின் மேலங்கி விற்பனைக்கு வந்தது. அதுவும் ஐம்பதே ஐம்பது.

என்னை உறங்கவிடாதது 2023-ல் வந்த செய்தி. சீனாவின் டோங்ஹுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டுப்புழுவின் மரபணுவைத் திருத்தி, சிலந்திப் புரத இழையை அந்தப் புழுவையே நூற்க வைத்துவிட்டார்கள். அதே மல்பெரி இலை, அதே கூடு. ஆடும் வேண்டாம், நொதிகலனும் வேண்டாம். மரபணு மாற்றிய புழுவை இங்கே வளர்க்க மத்திய அரசின் அனுமதி வேண்டும், சரி. ஆனால் சீனத்துக் கச்சாப் பட்டு நம் தறிகளுக்குப் புதிதா என்ன? நூலாக வந்து இறங்கினால் எந்தக் கண் பிரித்தறியும்?

இந்த ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஜெர்மனியின் ஹனோவரில், ஆட்டின் காலில் அறுபட்ட நரம்பின் 6 சென்டிமீட்டர் இடைவெளியைச் சிலந்தி இழை வைத்து இணைத்திருக்கிறார்கள். 2011-ல் அதன் முடிவு வெளிவந்தது. தொழுநோயால் மடங்கிப்போன கைகளை டாக்டர் பால் பிராண்ட் அறுவை சிகிச்சையால் மீட்டுத் தந்த ஊர் எங்கள் வேலூர். நரம்பு ஒட்டும் இழைக்கு இந்த ஊரைவிட அதிகமாக யார் மகிழப் போகிறார்கள்?

நான் கேட்பது ஒன்றுதான். இயற்கைப் பட்டுக்கு 2004 முதல் ‘சில்க் மார்க்’ முத்திரை இருக்கிறது. மரபணு திருத்திய புழுவின் நூல் அந்த முத்திரைக்குள் வருமா, வராதா? நொதிகலனில் பிறந்த புரத நூலுக்கு என்ன பெயர்? அது சந்தைக்கு வருவதற்கு முன்பே மத்திய பட்டு வாரியம் தனிப் பெயரும் தனி முத்திரையும் அறிவிக்க வேண்டும். ஆரணியிலும் வாலாஜாபேட்டையிலும் நெசவாளர்கள் நூலை எடுத்துச் சென்று சோதித்துக்கொள்ள வசதி வேண்டும். ரேயான் வந்தபோது நாங்கள் பின்னால் ஓடினோம். இந்த முறை முன்னால் நிற்க விடுங்கள்.

தங்கள் இதழ் அடுத்த கட்டுரையில் இந்தக் கேள்வியை வாரியத்திடம் நேரடியாகக் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. பதில் வந்தால் அவருக்கு நானே படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஆரணி நெசவாளர் ஒருவரின் மகள்,
சத்துவாச்சாரி, வேலூர்.