மைனஸ் 99.9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். தம்பி போன வாரம் வந்துவிட்டுப் போனான். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, "நல்லாதான் இருக்கா" என்றான். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சரி, அது போகட்டும்.

இந்தக் கடிதம் வேறு விஷயமாக. உன் புல் ரிக்வெஸ்ட் பற்றி, அதாவது நீ எழுதின புரோகிராமை அந்த லைப்ரரியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் போட்டிருக்கிறாயே, அந்த விண்ணப்பம்.

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் பல் தேய்த்ததும் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, அது யார் வேண்டுமானாலும் பார்க்கிற இடம்தானே? டெஸ்ட் எல்லாம் ஓடிப் பச்சை டிக் விழுந்திருந்தால் நீ ராத்திரி வேலை பார்த்திருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். சிவப்பு விழுந்திருந்தால், இன்றைக்குப் போன் செய்யாதே, கடுகடுவென்று இருப்பாள் என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன். இப்போது 23 நாளாகப் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. கடைசிக் கமிட், நீ மாற்றங்களைப் பதிந்துவைத்தது, விடியற்காலை 3.40க்கு. அந்த நேரத்தில் முழித்திருந்து என்னம்மா செய்கிறாய்? தூங்கு.

பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திட்டத்தான் எழுதினேன் என்று நினைப்பாய். போன ரிலீஸ் குறிப்பில், பங்களித்தவர்கள் பட்டியலில் உன் பெயர் வந்ததே, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். தேதிகளை வரிசைப்படுத்துவதில் இருந்த பிழையை நீ சரி செய்தது, மொத்தமே நான்கு வரி. 2019 ஏப்ரலில் கருந்துளைப் படம் வெளியானபோது போனில் கத்தினாயே, "அப்பா, இதுக்குப் பின்னாடி நம்பை இருக்கு, மேட்பிளாட்லிப் இருக்கு, எல்லாம் சும்மா ஜனங்க சேர்ந்து எழுதினது!" என்று. ஒன்று கணக்குப் போடுகிற லைப்ரரி, மற்றது படம் வரைகிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்த நான்கு வரியைப் பார்த்த அன்றைக்கு மீதியும் புரிந்தது.

இப்போது நீ போட்டிருப்பது நான்கு வரி இல்லை. 41 பைல், 2,300 வரிக்கு மேல். பாப்பா, அதைச் சின்னதாக உடை.

யோசனை அருமையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவுக்கு நான் இப்படி விளக்கினேன். ஒரு பட்டியலில் மூன்று கட்டம் காலி. ஒன்றில் கருவி பழுது. இன்னொன்றில் அளக்க வேண்டியவர் அன்று வரவில்லை. மூன்றாவதில் ஆள் வந்தார், அளந்தார், ஆனால் அந்தக் கருவியால் காட்ட முடியாத அளவுக்கு மதிப்பு சின்னது. உங்கள் லைப்ரரிகள் பலவும் இந்த மூன்றையும் ஒரே 'நேன்' (NaN, 'எண் இல்லை' என்கிற குறி) ஆக்கிவிடுகின்றன. அப்புறம் சராசரி கேட்டால் பாண்டாஸ் மாதிரியானவை மூன்றையும் தள்ளிவிட்டுக் கணக்குப் போடும். மூன்றாவது உண்மையில் காலியே இல்லை, 'ரொம்பக் குறைவு' என்று அது ஒரு சேதி சொல்கிறது. அதைத் தள்ளினால் சராசரி ஏறிவிடும். மதிப்பு இல்லையென்றால் அது ஏன் இல்லை என்பதையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் உன் மகள் செய்வது என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏன் இல்லைன்னு யாராவது எழுதி வச்சாதானே?" என்றாள். அவள் டேட்டாவைப் பற்றித்தான் சொன்னாள் என்று வைத்துக்கொள்வோம்.

ஓசோன் கதை ஞாபகம் இருக்கிறதா? அண்டார்டிகா மேலே ஓசோன் குறைந்ததைச் செயற்கைக்கோள் பார்த்தும், கம்ப்யூட்டர் தப்பென்று தூக்கி எறிந்துவிட்டது என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீதான் திருத்தினாய். ஓசோனை அளக்கிற அலகில் 180 டாப்சனுக்குக் கீழே வந்ததை அந்த புரோகிராம் எறியவில்லை, சந்தேகம் என்று குறிதான் போட்டது, மதிப்பு அப்படியே இருந்தது என்று. அதனால்தான் 1985ல் பிரிட்டிஷ்காரர்கள் தரையிலிருந்து அளந்த கட்டுரை வந்தபோது, பழைய டேட்டாவையும் வைத்துச் சரிபார்க்க முடிந்தது. இந்தக் கதையை உன் விளக்கத்தின் முதல் பத்தியில் போட்டிருக்கலாமே? நீயோ மெமரி லேஅவுட்டில், மதிப்புகளை நினைவகத்தில் எப்படி அடுக்குவது என்பதில் ஆரம்பிக்கிறாய். படிக்கிறவருக்கு முதலில் எதற்கென்று தெரிய வேண்டும், எப்படி என்பது அப்புறம்தான்.

லைப்ரரியைப் பராமரிக்கிற அந்த மெயின்டெய்னர் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'கருவி பழுது' என்கிற காலியையும் 'ஆள் வரவில்லை' என்கிற காலியையும் கூட்டினால், விடைக்கு எந்தக் காரணத்தை வைப்பது? நியாயமான கேள்வி பாப்பா. நானும் இரண்டு நாள் யோசித்தேன், விடை வரவில்லை. நீ பதிலுக்கு ஒரு கட்டுரை எழுதினாய். கடைசியில், "முழுசாகப் படித்துவிட்டுக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது" என்று ஒரு வரி. அவர் அதற்கப்புறம் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை.

அவர் யாரோ, எந்த ஊரோ. பகல் வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இதைத் திறக்கிறவராக இருப்பார். அவருக்கு 2,300 வரி என்பது எத்தனை ராத்திரி? அதோடு இன்னொன்று. நீ எழுதிவிட்டுப் போய்விடலாம், மெர்ஜ் செய்து உள்ளே சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து அது அவர் தலையில். மதிப்புக்கு ஒரு பைட் கூடுதலாகக் கேட்கிறாய், பத்துக் கோடி மதிப்புக்கு 100 எம்.பி. உன் வசதி தேவையே இல்லாதவனும் அதைச் சுமக்க வேண்டுமா? கேட்டால்தான் வரும், கேட்காவிட்டால் எல்லாம் பழையபடியே என்று வைத்துவிடு. பழைய டெஸ்ட் ஒன்றுகூட மாறக் கூடாது. முதல் புல் ரிக்வெஸ்டில் பைலைப் படிக்கும்போது காரணத்தைப் பிடித்துவைப்பது மட்டும். கூட்டல், சேமிப்பு, படம் வரைவது எல்லாம் அப்புறம். சின்னதாக உடை. சொன்னதையே சொல்கிறேன், தெரிகிறது.

இது உனக்கு மட்டும் நடக்கிறது என்று நினைக்காதே. நம்பையிலேயே 2011ல் இதே காலி மதிப்பு விவகாரத்துக்கு எழுதின புரோகிராம் மெர்ஜ் ஆகி மெயின் பிரதிக்குள் போய்விட்டது. அப்புறம் பெரிய வாக்குவாதம். மறைத்துவைத்த மதிப்பைத் திரும்ப எடுக்க முடியுமா, இல்லை அது போனது போனதுதானா என்று. முடிவுக்கு வர முடியாமல், 1.7 பதிப்பு வெளிவரும் முன்பே அந்த புரோகிராமையே உருவிவிட்டார்கள். எழுதினவரும் எதிர்த்தவரும் சேர்ந்து உட்கார்ந்து, யார் எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை என்று ஒரே ஆவணமாக எழுதிவைத்தார்கள் பார், அதைப் படித்துவிட்டு நான் எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். அட்டவணை டேட்டாவுக்கான பாண்டாஸ் லைப்ரரியில் காலிக்கென்று தனி மதிப்பு வந்தது 2020ல், 1.0 பதிப்பு வெளியானபோது. அதுவும் 'சோதனை முயற்சி' என்ற எச்சரிக்கையோடு. முழு எண் பத்தியில் ஒரு கட்டம் காலியானால் போதும், சாதாரணமாக மொத்தப் பத்தியும் தசம எண்ணாகிவிடும். நீ எனக்கு ஒருநாள் செய்து காட்டினாயே, 9007199254740993 என்று போட்டால் கடைசி 3 போய் 2 ஆகிவிட்டதே. ஒரு ஆளின் அடையாள எண் பக்கத்து ஆளுடையது ஆகிவிட்டது என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று நீ கேட்கவில்லை.

உன் பதிலைப் படித்தபோது அதில் என் குரல் கேட்டது. அதனால் இதை எழுதியே ஆக வேண்டும். அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

நான் வேலை பார்த்த இடத்தில் வெப்பநிலைக் கணக்கு புரோகிராம் என் பொறுப்பு, உனக்குத் தெரியும். ஃபோர்ட்ரான் என்கிற பழைய மொழி. மதிப்புக்கு ஐந்து இடம், புள்ளிக்குப் பின் ஒரு இலக்கம், அந்த மொழியில் அதற்கு எஃப்5.1 என்று பெயர். மதிப்பு இல்லையென்றால் -99.9 என்று போட வேண்டும் என்பது விதி. என் புரோகிராம் -99.9 வந்தால் தள்ளிவிடும். ஆனால் சில இடங்களிலிருந்து புள்ளி இல்லாமல் -9999 என்று வந்தது. புள்ளி இல்லாவிட்டால் எஃப்5.1 தானாகவே ஒரு இலக்கத்தைப் புள்ளிக்குப் பின்னால் தள்ளிக்கொள்ளும். -9999 என்பது -999.9 ஆகிவிடும். என் சோதனையில் அது மாட்டாது, நிஜ வெப்பநிலையாகவே கூட்டலில் சேரும். மாதச் சராசரியில் வந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் பல்லிளித்திருக்கும். ஆண்டுச் சராசரியை நாங்கள் தினசரி மதிப்பிலிருந்து தனியாகப் போட்டோம். 365 நாளில் ஒரே ஒரு நாள் அப்படி. 27 டிகிரி வர வேண்டிய இடத்தில் 24.2 வரும். யார் கண்ணுக்கும் உறுத்தாது.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு உறுத்தியது. உன்னைவிடச் சின்ன வயது அப்போது. "சார், இது கம்மியா இருக்கே" என்றாள். டேட்டா அப்படித்தான் வரும் என்றேன். அவள் சும்மா இருக்கவில்லை. எந்தெந்த எண்ணைக் காலி என்று எடுக்க வேண்டும் என்று பட்டியலாகக் கொடுத்தால் அத்தனையையும் தள்ளிவிட்டு, கணக்கில் எத்தனை நாள் சேர்ந்தது என்பதையும் கூடவே சொல்கிற ஒரு சப்ரொட்டீன், சின்ன துணை புரோகிராம், எழுதிக்கொண்டு வந்தாள். நாற்பது வரி. பென்சிலால் ஓரத்தில் விளக்கம். அதை என் மேஜை டிராயரில் வைத்தேன். எட்டு மாதம்.

நேரம் இல்லை என்றுதான் அவளிடம் சொன்னேன். நேரம் இருந்தது. முதல் நாளே படித்துவிட்டேன், சரியாகத்தான் எழுதியிருந்தாள். அதை ஓட்டினால் போன வருஷம் என் கையெழுத்தோடு போன அட்டவணை தப்பென்று வெளியே வரும். அதுதான் காரணம். அவள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை, வேறு இடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன அடுத்த வாரம் அந்த நாற்பது வரியை என் புரோகிராமில் சேர்த்தேன். மேலே கமென்ட் வரியில் என் இனிஷியல் போட்டேன். அவள் பெயர் போடவில்லை. பழைய அட்டவணையைத் திருத்தவும் இல்லை.

பங்களித்தவர்கள் பட்டியலை நான் ஏன் அச்செடுத்து வைத்திருக்கிறேன் என்று இப்போது உனக்குப் புரியும். நான்கு வரிக்குக்கூடப் பெயர் போடுகிறார்கள்.

அந்த மெயின்டெய்னரும் என்னைப் போல என்று சொல்ல வரவில்லை. அவர் கேள்வியாவது கேட்டார். நான் அதுகூடச் செய்யவில்லை. பதில் வராத இடத்தில் நீ என்னென்னவோ நிரப்பிக்கொள்வாய், அது எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்குப் போனில் வேலையை விட்டுவிட்டேன், கொஞ்ச நாள் இதை மட்டும் செய்யப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் "சரி" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அதை நீ கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். கோபம் இல்லை. பயம். உன் கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. இப்போதும் கேட்கவில்லை. தேவைப்பட்டால் தம்பியிடம் சொல்லாதே, என்னிடம் சொல்.

அந்த மெயின்டெய்னருக்கு இரண்டு வரி எழுது. கேள்வி நியாயமானது, எனக்கும் விடை தெரியவில்லை, முதல் பகுதியை மட்டும் தனியாக அனுப்பட்டுமா என்று. அவ்வளவு போதும். கட்டுரை வேண்டாம்.

இதோடு ஒரு பைல் அனுப்புகிறேன். 365 வரி, நானே தட்டச்சு செய்தது. ஐந்து இடம், எஃப்5.1 கணக்குப்படி. -99.9 ஏழு இடத்தில், -9999 ஒரே ஒரு இடத்தில். வர வேண்டிய சரியான சராசரியைக் கையால் போட்டுக் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன், இரண்டு தடவை சரிபார்த்தேன். உன் டெஸ்டில் சேர்க்க ஆகுமா பார். சேர்த்தால் என் பெயர் போடாதே. வேறொருவர் பெயர் போட வேண்டும், கேட்டுக்கொண்டு சொல்கிறேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

பைல் வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வரி போடு. "சரி" என்று போட்டாலும் போதும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அனுப்பும் முன் ரீபேஸ் செய்துவிடு, உன் மாற்றங்களைப் புதிய மெயின் மேலே ஏற்றிவிடு. மெயின் பிரான்ச் நிறைய முன்னால் போய்விட்டது, இன்று காலை பார்த்தபோது இரண்டு பைலில் அவர்கள் மாற்றமும் உன் மாற்றமும் மோதுகிறது என்று கான்ஃபிளிக்ட் காட்டியது. பகலில் செய். ராத்திரி வேண்டாம்.