நீர்க்கட்டிக்கு ஒரே அளவுகோல் போதாது

ஆசிரியருக்கு,

தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வெளியான சினைப்பை நீர்க்கட்டி பற்றிய கட்டுரை, பருமனான பெண்களுக்கே அது வரும் என்ற எண்ணத்தை வாசகரிடம் விட்டுச்செல்கிறது. நீர்க்கட்டியுள்ள அமெரிக்க, இத்தாலிய, ஜப்பானியப் பெண்களை ஒப்பிட்டு 1992-இல் வெளியான ஆய்விலேயே, ஜப்பானியப் பெண்களிடம் பருமனும், இக்கோளாறின் அடையாளமாகக் கருதப்படும் முக முடியும் குறைவாக இருந்தும், இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத குறை மற்றவர்களுக்கு இருந்த அளவிலேயே காணப்பட்டது. பிரிட்டனில் வாழும், நீர்க்கட்டியுள்ள தெற்காசியப் பெண்களைப் பற்றி 2002-இல் வந்த ஆய்வோ, வெள்ளையரைவிட இளம் வயதிலேயே அவர்களுக்குத் தொல்லைகள் கடுமையாவதையும் இன்சுலின் கோளாறு மிகுவதையும் காட்டியது.

நீர்க்கட்டியுள்ள என் தங்கை மகள் ஐந்தடி இரண்டங்குலம் உயரம், அறுபது கிலோ எடை. திருமணமாகி நான்காண்டுகள் குழந்தையில்லாமல் சிகிச்சைக்குப் போனபோது, ‘எடை சரியாகத்தான் இருக்கிறது’ என்று கூறி, கருமுட்டை வளர மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் அவளுடைய உடல் நிறை குறியீடு 24. ஐரோப்பியருக்கான 25 என்ற வரம்புக்குள் அடங்கினாலும், ஆசியருக்கு எச்சரிக்கை தொடங்கும் 23-ஐ அது தாண்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பின்கழுத்தில் படர்ந்திருந்த கருமையை அழுக்கென்று நினைத்து, பல மாதங்களாகப் பயற்றம்மாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் என் தாயார். அது இன்சுலின் கோளாறின் அடையாளம் என்று பிறகுதான் அறிந்தோம். நீர்க்கட்டியைக் கண்டறிய, முகத்திலும் உடலிலும் உள்ள முடி வளர்ச்சிக்கு மருத்துவர்கள் போடும் மதிப்பெண்ணின் வரம்பும் இனத்துக்கு இனம் மாறுவது. அப்படியிருக்க, அழகு நிலையத்தில் திரெடிங் செய்துகொண்டு வருபவளின் முகத்தைப் பார்த்து மருத்துவர் எதைக் கணக்கிடுவார்?

எடை எதுவானாலும் நீர்க்கட்டியுள்ள பெண்களின் சர்க்கரை நிலையைப் பார்க்க வேண்டும் என்றும், குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வருவோருக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் சோதனையைக் கருத வேண்டும் என்றும் நீர்க்கட்டி பற்றிய 2023-ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டி கூறுகிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இதே குளுக்கோஸ் சோதனை ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கும்போது, கருத்தரிக்கவே முடியாமல் தவிப்பவர்களுக்கும், அவர்கள் ஒல்லியாக இருந்தாலும், அதைச் செய்ய சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கரூர்