இச்சிக்குக் கவாத்து

மாப்ளே,

கடிதமும் போட்டோவும் கிடைத்தன. படி ஏறக் கூடாதென்று டாக்டர் சொன்னதாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே, தொட்டியில் குட்டையாக வளர்க்கும் உன் போன்சாய் இச்சி மரத்துக்குக் கிளை வெட்டிக் கவாத்து செய்வது எப்படி என்று மொட்டை மாடி வேலை கேட்கிறாயே, உன்னை என்ன சொல்ல!

இச்சி ஆலமரத்துச் சொந்தமல்லவா, அடி நன்றாகத் திரண்டிருக்கிறது. கிளைதான் சவலைப் பிள்ளை மாதிரி நீண்டு, நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை. கத்தரிக்காமல் விட்டதுதான் காரணம் என்கிறாய். அது பாதிதான். முழங்கால் வலிக்குப் பயந்து ஆறு மாதமாக அதை ஹாலில் வைத்திருக்கிறாய் அல்லவா? வெளிச்சம் போதாமல் கணுவுக்குக் கணு இடைவெளி கூடிவிட்டது. முதலில் மாடிக்கு அனுப்பு. எடுத்த எடுப்பில் உச்சி வெயிலில் வைக்காதே, பத்து நாள் காலை வெயில் மட்டும் படட்டும்.

அப்புறம் கவாத்து. தளிர் ஆறேழு இலை விடும்வரை தொடாதே. பிறகு இரண்டு இலை நிறுத்தி வெட்டு. நுனி போனதும் இலைக்காம்பின் கக்கத்தில் தூங்கும் மொட்டுகள் விழித்து, ஒரு கிளை இரண்டாகும். கடைசி இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ புதுக்கிளை அந்தப் பக்கம்தான் போகும். அதனால் வெளிப்பக்கம் பார்க்கும் இலையாக நிறுத்து.

நான் செய்த தப்பைச் செய்யாதே. மூன்று வருஷம் காலையில் காபியோடு மாடிக்குப் போய், கண்ணில் பட்ட தளிரையெல்லாம் கிள்ளினேன். மேலே அடர்ந்துவிட்டது, கீழ்க்கிளைகள் ஊதுபத்திக் குச்சியாகவே நின்றுவிட்டன. இச்சிக்கு வேகமெல்லாம் உச்சியில்தான். அங்கே தாராளமாக வெட்டலாம், கீழே கிளை பருக்கும்வரை கை வைக்கக் கூடாது. போன மழைக்கு ஒரு கீழ்க்கிளையை இரண்டடி ஓடவிட்டேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் இப்போது பென்சில் பருமன். இனி அதில் நுண்கிளை பிரிக்கலாம்.

இலை சிறுக்க வேண்டுமென்றால், நல்ல தெம்பான செடியில் மட்டும் காம்பை நிறுத்திவிட்டு இலைகளை நறுக்கு. கொஞ்ச நாளில் காம்புகள் பழுத்து விழும், அதே இடத்தில் ஊசி மாதிரி மொட்டு எட்டிப் பார்க்கும். ஒரு மாதத்தில் வந்த புது இலை எனக்குப் பழையதில் பாதிதான் இருந்தது. இன்னொரு செடிக்கு இலையை எடுத்த கையோடு தொட்டியும் மாற்றினேன்; இரண்டு கிளை பட்டுப்போயின. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யாதே.

பால் நிறைய வடியும். பலாப்பழம் அரிகிற மாதிரி கத்தரியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள், வெட்டுவாயை ஈரத்துணியால் ஒற்று. பழைய லுங்கி கட்டிக்கொள். என் வெள்ளை வேட்டிக் கறைக்கு வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

தொட்டியை நீ தூக்காதே, பையனைத் தூக்கச் சொல். வெட்டுகிறதுக்கு முன்னால் ஒரு படம், வெட்டினதும் ஒரு படம் அனுப்பு.

உன் மாப்ளே,
மதுரையிலிருந்து